கழிவு போக இருபது நிமிடம்

ஊசிமலையிலிருந்து முத்துக்கரைக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரமாகும் என்பது, ஊசிமலைக்கு விமானம் வருவதற்கு வெகு முன்னாலேயே முடிவாகிவிட்டது. இருபது நிமிடம். சண்டை ஓய்ந்து, சோதனைச் சாவடிகளில் நின்ற சிப்பாய்கள் சிரித்துப் பழகியிருந்த 2003ஆம் ஆண்டு அது. நமுனுகுல மலைச்சரிவில், தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சமப்படுத்திய ஒரு மேட்டில் விமான நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலில் பேசிய பிரமுகர், அரை மணி நேரத்தில் கடலைப் பார்க்கலாம் என்றார். அடுத்துப் பேசிய சபைத் தலைவர் பதவியில் அவரைவிடப் பெரியவர். ஆகவே இருபது நிமிடம் என்றார். கைதட்டினார்கள். மறுநாளே பதுளை நகரில் அது பதாகையாகத் தொங்கியது. துணியில் எழுதிய பிறகு யார் என்ன செய்ய முடியும்?

சபை என்றால் மலைநாடு கரைநாடு வான்வழி இணைப்பு அதிகார சபை. முழுப்பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பாதி வழி போய்விடலாம் என்பதால் நாமும் சபை என்றே வைத்துக்கொள்வோம். பதுளையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அதற்கு அலுவலகம் இருந்தது. இயக்குநர் இருந்தார், பிரதி இயக்குநர்கள் இருந்தார்கள், தேநீர் கொண்டுவர ஓர் ஆளும், தேநீர் வந்துவிட்டதென்று அறிவிக்க ஓர் ஆளும் இருந்தார்கள். விமானம் மட்டும் வாடகைக்கு. அதை ஓட்டக் கொழும்புப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற கப்டன் ஒருவரைப் பிடித்திருந்தார்கள்.

அந்தக் கப்டன் வந்து வரைபடத்தை விரித்து, அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, நாற்பது நிமிடமாகும் என்று சொல்லிவிட்டார். சபையில் பெரிய கலக்கம். இயக்குநர் சிவஞானம் அவசரக் கூட்டம் கூட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலையிலேயே அரச உத்தியோகம் பார்த்துத் தலை நரைத்தவர். எந்தச் சிக்கலையும் நிதானமாக நின்று இன்னும் சிக்கலாக்கக்கூடியவர்.

"கப்டன் அனுபவசாலி. அதை நான் மறுக்கேல்லை" என்றார் அவர். "ஆனால் அவர் சபை உறுப்பினர் இல்லை. நேரம் அறிவிச்சாச்சு. இனி நேரத்தை மாத்தினால் தலைவர் பொய் சொன்னதாய் ஆகும். தூரத்தை இன்னும் ஒருத்தரும் அறிவிக்கேல்லை. ஆகவே, மாத்தக்கூடியது தூரம்தான்."

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம், சபையின் சகல தேவைகளுக்கும், உள்ளதில் பாதியாகக் கொள்ளப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மலைகள் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. தூரத்தைப் பார்த்துத்தான் எரிபொருள் அளந்து கொடுப்பார்கள் என்பது அந்த நேரத்தில் எவருக்கும் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும், எரிபொருள் வேறு பிரிவு.

இதெல்லாம் இராசையாவுக்குத் தெரியாது. இராசையா ஊசிமலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை. பயந்த மனிதர். தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்குப் பயம், துரை வீட்டு நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், தொலைபேசி மணிக்குக்கூடப் பயம். பஸ்ஸில் வெலிமடைக்குப் போய்வந்தால் இரண்டு நாள் தலைசுற்றிப் படுத்திருப்பார். ஆனால் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில், அந்தத் தொங்கு தராசுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் மட்டும் ஆள் வேறு. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினதும் முள் ஓடி நிற்கும். கண் அதைப் பார்க்கும். வாய் ஆறு கிலோ குறைத்துச் சொல்லும். சாக்குக்கு இரண்டு, கொழுந்து ஈரத்துக்கு இரண்டு, மிச்ச இரண்டு தோட்டத்து வழமை. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் அந்த ஆறு எங்கே போகிறது என்று இருபது வருடமாக அவர் யோசித்ததே இல்லை. சொந்தப் பெண்சாதி இராக்கம்மாவின் கொழுந்திலும் ஆறு கழிப்பார். பாரபட்சமில்லாத மனிதன் என்று அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

இப்படிப்பட்டவர் விமான விவகாரத்தில் எப்படி மாட்டினார் என்றால், சபையின் தராசு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதால்தான். சின்ன விமானம் என்றால் ஆட்களை நிறுத்துத்தான் ஏற்ற வேண்டுமாம். கப்டன் பிடிவாதமாக நின்றார். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தராசு வரவில்லை. துரை பெருந்தன்மையோடு, எங்கள் மடுவத்துத் தராசு இருக்கிறது, நிறுக்கிற ஆளும் இருக்கிறான், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பயணிகளையும் துரைதான் கொடுத்தார். முதற்பறப்பில் பொதுமக்கள்தான் போக வேண்டும் என்பது சபையின் கொள்கை. அதிகாரிகள் பொதுமக்கள் ஆகமாட்டார்கள் என்பதால் அவர்கள் எல்லோரும் வருத்தத்தோடு விலகிக்கொண்டார்கள். பறப்புக்கு முதல்நாள், ஆட்களை வரிசையில் நிறுத்தும் காலைப் பெரட்டில், கவ்வாத்துக்கு இத்தனை பேர், புல்லுவெட்டுக்கு இத்தனை பேர் என்று வேலை பிரித்துக்கொண்டே வந்த பெரிய கங்காணி, அதே குரலில், பிளேனுக்கு எட்டுப் பொம்பளைகள் என்றார். வரிசையில் முன்னால் நின்ற எட்டுப் பேர். அதில் இராக்கம்மாவும் ஒருத்தி. பிளேனில் கொழுந்து எடுக்க வேண்டுமா, மருந்தடிக்க வேண்டுமா என்று பெரியாயி கேட்டாள். பெரியாயி வாட்டசாட்டமானவள், வாயும் அப்படியே. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிற வேலை என்றதும்தான் எல்லோருக்கும் பயம் பிடித்தது.

மடுவத்து உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, கொக்கியில் ஒரு பலகையைக் கயிற்றால் கட்டி, ஒவ்வொருத்தியாக ஏற்றி உட்கார வைத்தார்கள். இயக்குநர் சிவஞானம் நாற்காலி போட்டு அமர்ந்து, இராசையா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முள் அறுபத்தெட்டில் நின்றால் அறுபத்திரண்டு என்றார் இராசையா. ஐம்பதில் நின்றால் நாற்பத்துநான்கு. துரை பக்கத்தில் நின்று தலையாட்டினார். எட்டுப் பேரையும் நிறுத்து முடித்துக் கூட்டிப் பார்த்தபோது, விமானம் தாங்கக்கூடிய பாரத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. ஓர் ஒல்லியான ஆளுக்கு அளவெடுத்ததுபோல.

காலியாக ஓர் ஆசனம் போவது பொதுப் பணத்தை விரயம் செய்வதாகும் என்று இயக்குநர் எழுந்து நின்று சொன்னார். சுற்றிலும் பார்த்தார். பிரதி இயக்குநர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். துரைக்கு இரத்த அழுத்தம் இருந்தது, அந்தக் கணத்திலிருந்து. தராசுக்குப் பக்கத்தில் நின்றதால் நகர இடமில்லாமல் போனவர் ஒருவர்தான். இராசையாவைப் பலகையில் தூக்கி உட்கார வைத்து, இயக்குநரே முள்ளைப் பார்த்தார். நாற்பத்தெட்டு என்றார்.

"ஆறு கழிக்கணுங்க" என்றார் இராசையா, பலகையில் தொங்கியபடியே, பழக்க தோஷத்தில்.

கழித்தார்கள். சரியாகப் பொருந்திற்று.

விசயம் அவருக்கு உறைத்தது அன்று சாயங்காலம் லயத்து வீட்டில்தான். ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்திருந்தார். இராக்கம்மா அடுப்பைப் பார்த்தபடி, சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஏங்க, கொழுந்துன்னா சாக்கு இருக்கு, தண்ணி இருக்கு, கழிக்கிறீங்க. ஆளுல என்னாத்தங்க கழிச்சிங்க?"

ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது. இராக்கம்மா முதுகில் தட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கழித்ததையெல்லாம் சேர்த்தால் விமானத்துக்குள் கணக்கில் இல்லாத ஓர் ஆள் ஏறுகிறான். அந்த ஆளே அவர்தான். தன் வாயாலேயே தனக்கு ஆசனம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஐயோ முனியப்பா என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், விடியும்வரை அப்படியே இருந்தார். கீழே விழுகிறபோது மலையில் விழுவோமா காட்டில் விழுவோமா என்பதுதான் ஓயாத யோசனை.

காலையில் நேரே துரையின் அலுவலகத்துக்குப் போனார். அழைக்காமல் அங்கே அவர் போனது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. நிறுவை பிழையாகிப்போச்சு, ஆறாறு கிலோ கூட வரும், ஒரு வார்த்தை சொல்லித் திரும்ப நிறுக்க வையுங்கள் தொரை என்று கைகட்டி நின்று சொன்னார். துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இராசையா கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பார். துரை கதவைச் சாத்திவிட்டு, அவரை உட்காரச் சொன்னார். துரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதுதான் முதல்முறை.

"இராசையா, ஆளுக்கு ஆறு கழிச்சது பிழைன்னு சொன்னா, நாளைக்கு கொழுந்துக்கு ஏன் கழிச்சன்னு கேப்பாங்க" என்றார் துரை, மிகவும் மெதுவாக. "யூனியன் கேக்கும். இருபது வருசத்துக்கும் கேக்கும். கழிச்சது யாரு? நீ. அதனால, ஆறு சரி. போய் பிளேன்ல உக்காரு."

வெளியே வந்தபோது மலை முழுக்கப் பனிமூட்டம் இறங்கியிருந்தது.

ஓடுபாதையில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி, தப்பு மேளம் எல்லாம் தயாராக இருந்தன. வெள்ளை விமானம் மூட்டத்துக்குள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றது. மடுவத்து வாசலில் நிற்கிற லொறியைவிடப் பெரிதாக இல்லை. தலைவர் வரவில்லை. முத்துக்கரையில் நின்று வரவேற்புரை ஆற்றுவதற்காக முதல்நாளே வாகனத்தில் புறப்பட்டுப் போய்விட்டார். விமானத்தில் போகலாமே என்று யாரோ கேட்டதற்கு, தான் முன்னால் போனால்தான் விமானத்தை வரவேற்க முடியும் என்று விளக்கியிருந்தார்.

இயக்குநர் பேசினார். நம் நாட்டில் இதுவரை தூரத்தை அளந்துவிட்டு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் எதுவும் நேரத்துக்கு நடக்கவில்லை, நேரத்தை முதலில் வைத்துத் தூரத்தைப் பின்னால் கொண்டுவந்தது சபையின் சாதனை என்றார். வீண்செலவு என்பதே கிடையாது என்றார். எரிபொருள்கூடத் தீர்மானித்த பாதித் தூரத்துக்குத்தான், ஒரு சொட்டு அதிகமில்லை என்றார். அப்போதுதான் இராசையாவுக்கு அடுத்த இடி. பாரம் கூட, எண்ணெய் பாதி. பக்கத்தில் நின்ற பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார்.

கப்டன் மேடைக்குப் பக்கத்தில் வந்து இயக்குநரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். இயக்குநர் ஒலிவாங்கியை மூடாமலே பதில் சொன்னார்.

"தூரம் சபைத் தீர்மானம். அதுக்கு மேலாலை எண்ணெய் தர எனக்கு அதிகாரமில்லை. எழும்புற நேரம் அழைப்பிதழிலை அடிச்சிருக்கு. நீர் பயப்பிடாதையும், ஏதும் நடந்தால் விசாரணைக் குழு போடுவம்."

கப்டன் மூட்டத்தைப் பார்த்தார். வரிசையில் மாலையோடு நின்ற எட்டுப் பெண்களையும், பந்தல்காலோடு நின்ற இராசையாவையும் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போய் விமானத்தில் ஏறிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் இராசையாவை மிகவும் பயமுறுத்தியது. எதற்கும் துணிந்த ஆளாக இருக்குமோ?

உள்ளே ஒவ்வோர் ஆசனத்திலும் இரண்டு பட்டிகள் கிடந்தன. அவை எதற்கென்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் கொழுந்தெடுக்கும்போது படங்குச் சாக்கை இடுப்பில் கட்டுகிற பழக்கத்தில் அவற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். இராக்கம்மா அவருக்கும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். கதவு சாத்தினார்கள். இயந்திரம் உறுமத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடதடவென்று ஆடியது. விமானம் நகர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வெளேரென்று மூட்டம், அதைத் தவிர ஒன்றுமில்லை.

இராசையா கண்ணை மூடிக்கொண்டார். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைக் காக்கிற ரோதமுனியைக் கூப்பிட்டார். விமானத்து இயந்திரமும் ரோதமுனியின் அதிகாரத்துக்குள் வருமா, அதற்கு வேறு சாமி இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு சேவலும் ஒரு போத்தல் சாராயமும் நேர்ந்துகொண்டார். ஒரு பெரிய குலுக்கல் வந்ததும் அதை இரண்டு சேவலாக்கினார்.

"மேகத்துக்குள்ள போறோம் போல" என்றாள் பின்னாலிருந்து பெரியாயி. வழக்கமாக லயம் முழுக்கக் கேட்கிற குரல், அன்றைக்கு எலும்பும் தோலுமாக வந்தது. ஒருத்தி வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்லி அழுதாள். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது, கொஞ்ச தூரம் ஓடியது, மறுபடி திரும்பியது. ஆகாயத்திலும் தோட்டத்து ரோடுபோலக் குண்டும் குழியும் இருக்கும் என்று இராசையா நினைத்திருக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் தீருகிற சத்தம் தன் காதுக்குக் கேட்பதாகத் தோன்றியது. இப்போது தீரும், இப்போது தீரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இராக்கம்மா அவர் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாலு பேருக்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்கள் தன் கைக்குள் நடுங்குவதை உணர்ந்தபோது இராசையாவால் தாங்க முடியவில்லை. மனிதன் உடைந்துபோனார். சாகிற நேரத்தில் இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் காதருகே குனிந்தார். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்ன, என்ன என்று அவள் கேட்டாள். அவர் குரலை உயர்த்தினார். அப்படியும் கேட்கவில்லை. கடைசியில் அடித்தொண்டையில் கத்தினார்.

"நாள் தவறாம நிறுவையில வெட்டுனேன் புள்ள. ஒனக்கும் வெட்டுனேன், பெரியாயிக்கும் வெட்டுனேன். சொட்டு மழை இல்லாத மாசத்துலயும் தண்ணின்னு சொல்லி வெட்டுனேன். சாக்கு அரைக் கிலோகூட இல்ல, ரெண்டு ரெண்டா வெட்டுனேன்."

பாதியில் இயந்திரம் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. மீதி வாக்கியம் அந்த நிசப்தத்தில் கணீரென்று விழுந்தது.

விழப்போகிறோம் என்று ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். இராக்கம்மா அவர் கையை விடாமலே, விழுறோமாங்க என்று கேட்டாள். அவர் தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டார். காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், விழுந்தபாடில்லை.

"யாரோ தப்பு அடிக்கிறாங்க" என்றாள் பெரியாயி.

உண்மைதான். மூட்டத்துக்குள் எங்கேயோ தோட்டத்துத் தப்பு மேளம் கேட்டது. கப்டன் எழுந்து வந்து கதவைத் திறந்தார். வாசலுக்கு நேரே ஒரு தேயிலைச் செடி நின்றது. இராசையா அதை வெகுநேரம் பார்த்தார். முத்துக்கரையிலும் தேயிலை இருக்கிறதாக்கும் என்று ஒரு கணம் நினைத்தார்.

"இறங்குங்க" என்றார் கப்டன், தெரிந்த தமிழில். "மேல போகல. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீழயே ஓடினேன். எண்ணெய் முடிஞ்சது. மேல போயிருந்தாலும் இதே நேரம்தான் முடிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டார்.

மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இயக்குநர் ஓடிவந்தார். கோபமாக வருகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். இயந்திரம் தொடங்கியதிலிருந்து நின்றதுவரை சரியாக இருபது நிமிடம். சபை சொன்ன நேரம், ஒரு நிமிடம் கூடவுமில்லை குறையவுமில்லை. புறப்பாட்டுக்குப் போட்டதில் மிஞ்சிய மாலைகளை எடுத்துவரச் சொல்லி, இறங்கிய பயணிகள் எல்லோருக்கும் வருகை மாலை போட்டார். பெண்கள் மாலையோடு தங்கள் லயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விமானம் தரையை விட்டு எழும்பேல்லை எண்டு சிலர் குறை சொல்லலாம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார் இயக்குநர். "எழும்புறது நடைமுறைப் பிரச்சினை. நேரம் கொள்கைப் பிரச்சினை. கொள்கையிலை நாங்கள் வெண்டிட்டம்."

பிறகு முத்துக்கரைக்குத் தொலைபேசி எடுத்துப் பயணிகள் பத்திரமாக வந்துசேர்ந்ததை அறிவித்தார். அங்கே தலைவர் வெற்று ஓடுபாதையைப் பார்த்து வரவேற்புரையை ஆற்றி முடித்ததாகவும், அங்கும் நல்ல கைதட்டல் என்றும் பின்னால் தகவல் வந்தது.

இராசையாவுக்கு உயிர் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே இயக்குநர் அடுத்ததையும் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பறப்பு. மூட்டம் இல்லாத நேரத்தில். சொன்னால் கேட்கிற வேறொரு கப்டன் வருகிறார். எண்ணெய் அதே அளவு. நிறுவை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதால் பயணிகளும் அவர்களேதான். நிறுத்தவர் கையெழுத்து மட்டும் பாக்கி, சாயங்காலம் மடுவத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

விமானத்தில் உட்கார்ந்திருந்ததற்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடலாம் என்று துரை கணக்குப் பார்த்துவிட்டதால், பெண்கள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பகலுக்குப் பிறகு மலைக்கு ஏறினார்கள். இராசையா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. விமானத்தில் தான் கத்தியது எட்டுப் பேருக்கும் கேட்டது என்பது அவருக்குத் தெரியும். மலைக்கு ஏறிய எட்டுப் பேர் மற்றவர்களிடம் சொல்லாமல் இருப்பார்களா? மத்தியானம் முழுக்க மடுவத்தில் தனியாக, தராசை உத்தரத்தில் திரும்ப மாட்டி, கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். வழக்கமாக வாயடித்துக்கொண்டு முண்டியடிக்கிறவர்கள், அன்று வரிசையாக, சத்தமில்லாமல் நின்றார்கள். துரை வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தராசுக்கு அந்தப் பக்கம் நின்றார். நிறுக்கிற நேரத்தில் மடுவத்துக்கு அவர் வருவதே கிடையாது. இந்தப் பக்கம் இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தராசும் சரி, நிறுத்த முறையும் சரி என்று ஒப்பமிட்டால் போதும், நேற்றைய எண்ணிக்கையே ஞாயிற்றுக்கிழமைக்கும் நிற்கும் என்றார்.

இராசையா பேனாவை வாங்கிக்கொண்டார். ஒப்பமிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆகாயம். ஒப்பமிடாவிட்டால் இன்றைக்கே துரை. வேலையும் போகும், லயமும் போகும். பேனா விரலில் நிற்கவில்லை, இரண்டு தடவை நழுவியது.

வரிசையில் முதலாவதாக நின்றது இராக்கம்மா. அவள் தன் சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். முள் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். திட்டவில்லை.

"பாத்துச் சொல்லுங்க" என்றாள். "இப்ப சொல்றதுதான் ஞாயித்துக்கெழமையும்."

முள் இருபத்திரண்டில் நின்றது. வாய் தன் பாட்டுக்குப் பதினாறு என்று சொல்லத் தயாராக இருந்தது. இருபது வருடப் பழக்கம், சும்மா போகுமா? துரை தொண்டையைச் செருமினார். இராசையாவின் முதுகில் வியர்வை ஓடியது. தன் கைக்குள் நடுங்கிய அந்த விரல்கள் சாக்கின் ஓரத்தைப் பிடித்திருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார்.

"இருபத்திரெண்டு" என்றார்.

குரல் உடைந்து வந்தது. ஆனாலும் கடைசியில் நின்றவளுக்கும் கேட்டது.

இயக்குநர் குழம்பிப்போய், நேற்று ஆட்களை நிறுத்ததற்கும் இப்படித்தானா, கழிக்கக் கூடாதா என்று கேட்டார். இராசையா ஆமாம் என்று தலையசைத்தார். இயக்குநர் கடதாசியை எடுத்து அங்கேயே ஆளுக்கு ஆறு கூட்டினார். எட்டுப் பெண்களே விமானம் தாங்கும் பாரத்துக்கு மேலே போய்விட்டார்கள். திரும்பக் கூட்டினார். அப்படியேதான் வந்தது.

"ஆக்களைக் குறைக்கேலாது, எட்டுப் பெண்கள் எண்டு பதாகை எழுதியாச்சு" என்றார் அவர், மிகுந்த கவலையோடு. "எண்ணெயைத்தான் குறைக்கவேணும். எண்ணெயைக் குறைச்சால் தூரம் கூடிப்போகும். தூரத்தை இன்னும் பாதியாக்கினால்தான் சரி. சபை கூடாமல் அதை நான் தனியச் செய்யேலாது. அதுவரைக்கும் பறப்பு ஒத்திவைப்பு."

கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். துரை போகவில்லை. நாளைக்குக் காலையில் ஆபீசுக்கு வா என்று இராசையாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அலுவலகத்தில் பேசிய அதே மெதுவான குரல். இராசையா தராசுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

இராக்கம்மா சாக்கை இறக்கிக்கொண்டு நகர்ந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. தூணுக்கு மற்றப் பக்கம், துரைக்கும் அவருக்கும் நடுவில், சாக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பெரியாயி தன் சாக்கை மாட்டினாள். எனக்கும் அதே மாதிரி சொல்லுங்க ஐயா என்றாள். அவர் முள்ளைப் பார்த்துச் சொன்னார். அடுத்தவள் வந்தாள். வரிசை மடுவத்தைத் தாண்டி ரோடுவரைக்கும் நின்றது. இராசையா தூணை விடாமல், நடுங்கிக்கொண்டே, ஒவ்வொன்றாக முழுசாகச் சொல்லிக்கொண்டு போனார்.